சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லையென்றால்?

கேள்வி | 2 மார்ச் 2025, ஞாயிறு

சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முன்னால் பெண்கள் கூடுகை ஒன்று வருகிறது. அதில் மேடையேறி, தேவன் என் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு விவாகரத்து முடிந்து எட்டு மாதம். "உடைந்தவர்களைத்தான் தேவன் எடுத்துப் பயன்படுத்துவார், உன் கதை நாலு பேருக்கு ஆசீர்வாதமாக இருக்கும்" என்கிறார்கள். எனக்கு இன்னும் ஒன்றும் சரியாகவில்லை. வேலை முடிந்து செங்காங் வீட்டுக்கு வந்தால் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். உடைந்த பீங்கானை யார் கையிலும் குத்தாமல் இருக்கக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவோமே, அப்படித்தான் இருக்கிறது. நான் யாருக்கும் பயன்படாவிட்டால் எனக்கு மதிப்பே கிடையாதா? யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

3 மார்ச், திங்கள், இரவு 11.40

நேராகவே சொல்கிறேன்மா. மதிப்பு உண்டு. சாட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உண்டு.

எனக்கு 58 வயது. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இப்போது ஒரு கூட்டுரிமை வீட்டுத் தொகுதியில் இரவுக் காவல். இதை வாசற்கூண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூதாட்டத்தில் 83,000 வெள்ளி கடன் வைத்தவன் நான். வங்கி, கூட வேலை செய்தவர்கள், சபையார், கடைசியில் ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரர்கள். சபையில் எங்கள் வரிசையிலேயே மூன்று பேருக்குக் கடன்பட்டிருந்தேன். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது யார் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

வேதத்தில் எரேமியா 18-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். குயவன் வனைந்துகொண்டிருந்த பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அதைத் தூக்கி எறியவில்லை, திரும்ப வேறே பாண்டமாக வனைகிறான். நான் எழுந்து நின்றது அந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

4 மார்ச், செவ்வாய், அதிகாலை 5.15

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். ரோந்து போகும்போது யோசித்தேன், சரியாக வரவில்லை.

எரேமியா 18-இல் இருப்பது ஈர மண். சக்கரத்தின் மேல் இருக்கிறது, குயவன் நினைத்தால் பிசைந்து மறுபடி வனையலாம். உங்களுக்கு 31 வயது என்று இன்னொரு பதிவில் சொன்னீர்கள். என் கடனெல்லாம் வெளியே தெரிய வந்தபோது எனக்கு வயது 49. நாம் சூளையில் வெந்த பாண்டம். அடுத்த அதிகாரத்திலேயே எரேமியா ஒரு கலசத்தை வாங்கிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் உடைக்கிறார். "திரும்பச் செப்பனிடப்படக்கூடாத" மண்பாண்டம் என்று வேதமே சொல்கிறது. 18-ஐப் பிரசங்கிக்கிறவர்கள் 19-ஐத் திருப்புவதில்லை. நானும் நேற்று அதைத்தான் செய்தேன். மன்னியுங்கள்.

உங்கள் கேள்வி 19-ஆம் அதிகாரத்துக் கேள்வி. வெந்த பாண்டம் உடைந்து ஓடானபின் அதற்கு என்ன?

5 மார்ச், புதன், மாலை

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்திய லெந்து என்ற தபசுகாலத்தின் முதல் நாள். நான் மெதடிஸ்டு சபைக்காரன். என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்கத் தம்பி ஒருவர் ஆபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோவிலுக்குக் கூப்பிட்டார். 1888-இல் கட்டிய கோவில். இங்கே வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான் தாய்வீடு. நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று தமிழில் கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

சாம்பல் என்றதும் யோபு ஞாபகம் வந்தது. எல்லாம் போனபிறகு அவன் சாம்பலில் உட்கார்ந்து ஓர் ஓட்டை எடுத்துத் தன்னைச் சுரண்டிக்கொள்கிறான் (2:8). உடைந்த பானையின் ஓடு, உடைந்த மனுஷன் கையில். நண்பர்கள் வந்து ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து எழுதும் தம்பி கேட்டது: லெந்து நாட்களில் இப்படித் துக்கமாகவே பேச வேண்டுமா? நான் துக்கமாகப் பேசவில்லை தம்பி. கேள்வி கேட்ட தங்கை இருக்கும் இடத்திலிருந்து பேசுகிறேன்.

6 மார்ச், வியாழன், அதிகாலை 2.05

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்மா. குப்பையில் போட வேண்டியது மாதிரி என்று எழுதினீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், 2020 ஜனவரியிலிருந்து இங்கே தற்கொலைக்கு முயல்வது குற்றமில்லை. விசுவாசி இப்படி நினைக்கலாமா என்றும் பயப்பட வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்றான். தேவன் அவனைத் திட்டவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார்.

நான் ஒரு இரவு எங்கள் புளோக் மாடிப்படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவன். அதனால்தான் கேட்கிறேன்.

காலையில் சேர்த்தது: பதில் போட்டுவிட்டீர்கள். அப்படி இல்லை, அலுப்புதான் என்றீர்கள். நம்புகிறேன். எண்ணை மட்டும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

12 மார்ச், புதன், இரவு

மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி எழுந்தீர்கள் அங்கிள்? சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

2010-இல் கேசினோ திறந்தபோது எனக்கு 43. நுழைவுக் கட்டணம் 100 வெள்ளி, பிறகு 150 ஆக்கினார்கள். சாதாரண மனுஷன் அதைத் தடுப்பு என்று நினைப்பான். எனக்கோ, 100 கட்டிவிட்டோம், அதையாவது எடுத்துவிட்டு வெளியே போவோம் என்று தோன்றும். அதற்கு முன்னாலேயே நான்கு நம்பர் லாட்டரிப் பழக்கம் இருந்தது. ஞாயிறு காலையில் ஆராதனை, மாலை ஆறரைக்குக் குலுக்கல். நம்பர் விழ வேண்டும் என்று ஜெபித்திருக்கிறேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

2016 ஆகஸ்டில் ஒரு காலை என் மனைவி வேலைக்குப் போகக் கதவைத் திறந்தாள். கதவு முழுக்கச் சிவப்புப் பெயிண்ட், ஆலோங் ஆட்களின் வேலை. மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் வீட்டு எண்ணோடு மிரட்டல். கம்பிக் கதவில் சைக்கிள் பூட்டு. அன்று வரைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பத்தை எடுத்து நடைபாதையைப் பெருக்கினாள். பெயிண்டைப் பெருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெருக்கினாள்.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. வேலை போனது. மகனுக்கு அப்போது 18. பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, சபையில் எங்கள் வரிசைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு நான் 4,000 வெள்ளி தர வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். கடன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையில் இரண்டு பொட்டலம் மீ கோரெங், பொரித்த மீ. "சாப்பிட்டியா?" என்றார். தரையில் உட்கார்ந்து பிரித்தார். இருவரும் சாப்பிட்டோம். வேத வசனம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபிக்கவும் இல்லை, வாயில் போடும் முன் கண்ணை மூடிய அந்த ஒரு நொடியைத் தவிர. அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்த வியாழனும்.

மூன்றாவது வியாழன் அவர் போனபிறகு குளியலறையில் நின்று அழுதேன். நான் அவருக்கு எதற்கும் உதவ மாட்டேன், பணமும் திரும்ப வராது, ஆனாலும் இந்த மனுஷன் வருகிறாரே என்று. கிருபை என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து பாடியவன் நான். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் கைக்கு எட்டியது.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். என் மனைவி விண்ணப்பித்து எனக்குக் கேசினோ தடை உத்தரவு வாங்கினாள், நான் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டேன். 1800-6-668-668 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து ஆலோசகரைப் பார்த்தேன். சூதாட்டப் பழக்கத்தை விட முயல்கிறவர்கள் கூடும் குழுவில் வாராவாரம் உட்கார்ந்தேன். கடனைப் பட்டியல் போட்டுத் தவணை பேசினோம். எட்டரை வருடத்தில் 71,000 அடைந்திருக்கிறது. ஜெபித்ததால் கடன் பறந்துபோனது என்று யாராவது சாட்சி சொன்னால் நான் சந்தோஷப்படுவேன். எனக்கு அப்படி நடக்கவில்லை. மாதம் 700, மாதம் 700, அப்படித்தான் போனது.

16 மார்ச், ஞாயிறு

ஒருவர் ஜப்பான் கிண்ணத்தின் படம் போட்டிருக்கிறார். உடைந்ததை அரக்கால் ஒட்டி, ஒட்டின கோட்டில் தங்கப்பொடி தூவுவார்கள். படம் அழகாக இருக்கிறது. எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒருமுறை வரும். போட்டவர் நல்ல மனதோடு போட்டிருக்கிறார், வருத்தப்பட வேண்டாம். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: தங்கம் வாங்க வழியில்லாதவன் கிண்ணம் என்ன ஆகும்?

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் பானை உடைந்தால் அடிப்பாகத்தை வைத்துக்கொள்வாள். அதைத்தான் அடுப்பில் போட்டுக் கடலை வறுப்பாள். வறையோடு என்பாள். புதுச்சட்டியில் வறுத்தால் அந்த வாசம் வராது என்பாள். இன்னொரு ஓட்டில் கோழிக்குத் தண்ணீர். ஆச்சி வீட்டில் ஓட்டுக்கும் இடம் இருந்தது.

எழுதியபின் சேர்க்கிறேன்: பாருங்கள், மறுபடியும் பயன் என்ற இடத்துக்கே வந்துவிட்டேன். கடலை வறுக்க உதவியதால் ஓட்டுக்கு மதிப்பு என்று ஆகிவிட்டது. இந்தத் தங்கை கேட்டது அதையா? இல்லை. இந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எழுதும்போதுதான் தெரிகிறது. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆறாம் வகுப்புத் தேர்விலிருந்தே நமக்கு மதிப்பெண் உண்டு.

22 மார்ச், சனி

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். கூடுகை நெருங்குகிறது, இன்னும் இல்லை என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

சாங்கிச் சுவரோவியங்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதி வரைந்தது. 1942-இல் அவருக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு, சிறுநீரகக் கோளாறு. ராபர்ட்ஸ் பேரக்சில் இருந்த மருத்துவமனையில் கிடந்தார். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஆலயம், அதன் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். வண்ணம் எங்கே இருந்தது? இராணுவம் பூசும் பழுப்புப் பெயிண்ட், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் மேசைச் சாக்குக்கட்டி. கொஞ்ச நேரம் வரைவார், களைத்துப்போவார், படுப்பார், மறுபடி வரைவார். கிறிஸ்துமசுக்குள் முதல் படம் முடிந்தது. மொத்தம் ஐந்து.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. சுவர்களுக்கு மேலே வெள்ளையடித்துவிட்டார்கள். 1958-இல் மறுபடி கண்டுபிடித்து, வரைந்தவர் யார் என்று தேடி, வந்து புதுப்பித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் உடனே வரவில்லை. மறக்கப் பாடுபட்ட நாட்கள் அவை. தயங்கித் தயங்கி 1963-இல்தான் வந்தார். அப்புறம் 1982, 1988. அதில் ஒரு படத்தின் கீழ்ப்பகுதி, சுவரை இடித்து வாசல் வைத்தபோதே போய்விட்டது.

இருபது வருடம் அந்த மனுஷன் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. அவரை விசுவாசமில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. "இப்போது முடியாது" என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். கேட்கிற அக்காமார் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆறாத புண்ணை மேடையில் திறந்து காட்டுவது ஊழியமாகாது.

(அசல் ஓவியங்கள் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கின்றன, நினைத்தால் போய்ப் பார்க்க முடியாது. சாங்கி ஆலய அருங்காட்சியகத்தில் மாதிரிகள் இருக்கின்றன. போய் வாருங்கள், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து.)

30 மார்ச், ஞாயிறு, இரவு

இன்று லெந்தின் நாலாம் ஞாயிறு. வாசிப்பு லூக்கா 15, கெட்ட குமாரன். எத்தனை தரம் கேட்டிருப்பேன்! இன்று ஒன்று பிடிபட்டது. பணி தொடங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

பன்றி மேய்க்கும் வயலில் உட்கார்ந்து அவன் அப்பாவிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறான். மூன்று பகுதி. பாவம் செய்தேன். உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். தூரத்தில் வரும்போதே அப்பா ஓடி வந்து கட்டிக்கொள்கிறார், அதன்பின் அவன் சொல்லத் தொடங்குகிறான். 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது பகுதி வரவில்லை. "பாத்திரன் அல்ல" என்றதும் அப்பா ஊழியக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல அப்பா அவனை விடவே இல்லை. கூலிக்காரனுக்கு வேலையை வைத்து மதிப்பு. பிள்ளைக்கு அப்படி இல்லை. அவன் மேல் பன்றி நாற்றம் போகும் முன்னே, அவன் ஒரு வேலையும் செய்யும் முன்னே, கழுத்தைக் கட்டிக்கொண்டாயிற்று.

இன்னொன்று. நம் தமிழில் பாத்திரம் என்றால் சமையலறைப் பாத்திரம். பாத்திரன் என்றால் தகுதியுள்ளவன். இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. எதையாவது ஏந்தினால்தான் தகுதி என்று அந்தச் சொல்லே சொல்வது மாதிரி இருக்கிறது. "என்னைப் பாத்திரமாக உபயோகியும்" என்று ஜெபித்து ஜெபித்து, ஓட்டையான பாத்திரம் எதற்கு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வெளிப்படுத்தலில் பரலோகமே யாரைப் பாத்திரர் என்று பாடுகிறது? அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவரை (5:12). காயத்தோடு நிற்கிறவரை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்மா. நாலு வாரம் சுற்றி வந்துவிட்டேன்.

31 மார்ச், திங்கள்

இன்று ஹரி ராயா. பக்கத்து வீட்டு மக்சிக்கை, அதாவது மலாய் அம்மாவை, பார்த்துவிட்டு வந்தோம். அன்றைக்குக் கதவில் பெயிண்ட் அடித்த மறுநாள் அவரும் அவர் கணவரும் தின்னர், பழைய துணி, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கூடவே நின்று தேய்த்தார்கள். அவர்கள் கதவிலும் தெறித்திருந்தது. முதலில் எங்கள் கதவைத் தேய்த்துவிட்டுத்தான் தங்கள் கதவுக்குப் போனார்கள். கணவர் இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். இன்றைக்கு மக்சிக் கொடுத்த ரெண்டாங் கறியை என் மனைவி நாளைக்கும் வைத்திருக்கிறாள், நாள் ஆக ஆக ருசி கூடும் என்பது அவள் கட்சி.

1 ஏப்ரல், செவ்வாய், அதிகாலை

லூக்கா 15 பற்றி எழுதியதில் ஒன்றை விட்டேன். ஈசூன் அக்கா சரியாகப் பிடித்துவிட்டார்: "அந்த மூத்த மகன் என்ன பாவம் செய்தான்? வீட்டில் இருந்து உழைத்தவன் தானே?"

எங்கள் வீட்டில் கெட்டுப்போனவன் அப்பா. வீட்டில் இருந்தவன் மகன். அவன் படிப்புக்கு வைத்திருந்ததையும் நான் எடுத்தேன். பகலில் படித்துக்கொண்டே இரவில் உணவங்காடியில் தட்டுக் கழுவினான். இப்போது 27, தனியாகப் பொங்கோலில் இருக்கிறான். என் குறுஞ்செய்திக்கு "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வரும். அவன் கோபம் நியாயம். தேவன் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு என்று நான் அவனிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொன்னால் அவனிடமிருந்து இன்னொன்றையும் எடுத்ததாகும்.

கதையில் அப்பா மூத்தவனைத் தேடியும் வெளியே வருகிறார், வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி, இரவு

மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வந்து தூங்கினேன். இப்போது வேலையில்.

இன்றைய வாசிப்பில் சங்கீதம் 22. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் சொன்னது இந்தச் சங்கீதத்தின் முதல் வரி. அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் 15-ஆம் வசனத்தை இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது."

ஓடு. நாம் மார்ச் மாதம் முழுக்கப் பேசிய அதே ஓடு. வாசிக்கக் கேட்டதும் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எரேமியா உடைத்துப்போட்ட இடத்தில், யோபு சாம்பலில் உட்கார்ந்த இடத்தில், அவரும் வந்து கிடக்கிறார். மேலே நின்று பொறுக்கி எடுக்கிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓடுகளோடு ஓடாகக் கிடந்தவர். என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

21 ஏப்ரல், திங்கள், காலை

உங்கள் பதிவைப் பார்த்தேன்மா. கூடுகையில் முடியாது என்று சொல்லிவிட்டீர்கள், ஒருவர் முகம் சுளித்தார், ஒருவர் கட்டிப்பிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று ஈஸ்டருக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன் எழுந்து வந்ததற்கு வருத்தப்படுகிறீர்கள். நானும் ஆறு மாதம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். வாசலில் கை குலுக்குகிறவர்களைத் தாண்டுவதற்குப் பயம். பக்கவாட்டுப் படி ஒன்று எல்லா ஆலயத்திலும் இருக்கும். அதில் இறங்குங்கள், தப்பில்லை.

நேற்று காலை நாங்கள் போகும் முன் மக்சிக் வந்து கதவைத் தட்டி ஒரு டப்பா கூவே பலகாரம் கொடுத்தார். அந்தப் படத்தை மகனுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது: "மக்சிக் காலு இப்போ எப்படி இருக்கு?"

முட்டி வலி குறைந்திருக்கிறது, கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று எழுதினேன். படித்துவிட்டான்.